காணி உறுதியும் காப்புரிமை இலக்கமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில், பல்கலைக்கழகம் செல்லும் மாணவியருக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



டொக்டர் ஒருவரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர், உப்பைக் குறைப்பது என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். சங்கத்தின் செயலாளர் ராத்தாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். 'காப்புரிமை ஆவணங்களை உசாத்துணைப் பட்டியலில் சரியாகப் பதிவது எப்படி' என்று தலைப்பைச் சொன்னதும் போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளைகளுக்கு விளங்குமா?" என்று கேட்டார். பிள்ளைகளுக்கு விளங்கும். மற்றவர்களுக்கும் விளங்கும். ஏனென்றால் இந்த விஷயமும் கடைசியில் சீனி வருத்தத்தில்தான் வந்து நிற்கிறது.

நாங்கள் இங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானது. இன்று நமது பிள்ளைகள் வீட்டில் இருந்தே பஸ் ஏறி அங்கே போய் வருகிறார்கள். கொழும்பில் யூனானி, திருகோணமலையில் சித்த மருத்துவம், பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞானம் என்று பரந்து போயிருக்கிறார்கள். இறுதி வருடத்தில் ஆய்வேடு எழுத வேண்டும். பலர் மூலிகைகளைத் தெரிவு செய்கிறார்கள். செடி வளவிலேயே கிடைக்கும், செலவும் குறைவு. எழுதியதை வட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பி, "ஒருக்கால் பார்த்துத் தாங்கோ" என்கிறார்கள்.

நோயாளி ஒருவர் வந்தால் அவருடைய கிளினிக் கொப்பியை முதலில் புரட்டுவது எங்கள் பழக்கம். ஆய்வேடு வந்தால் உசாத்துணைப் பட்டியலை முதலில் புரட்டுகிறோம். அங்கே திரும்பத் திரும்பக் காணும் ஒரு வசனம்: 'கொத்தலாஹிம்புட்டு நீரிழிவைக் குணப்படுத்தும் என்பது காப்புரிமை மூலம் நிரூபிக்கப்பட்டுள்ளது.' இதற்கு ஆதாரம் எது என்று பார்த்தால் ஒரு கடையின் இணையமுகவரி இருக்கும். இலக்கம் இல்லை, நாடு இல்லை, ஆண்டு இல்லை.

இந்த வசனம் ஆய்வேட்டோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அடுத்த வருடத்துப் பிள்ளை அதைப் பிரதி பண்ணுகிறாள். பிறகு அது ஒரு பக்கெற்றின் மேல் அச்சாகிறது. பிறகு எங்கள் கிளினிக்குக்கு வருகிறது. "இதுக்கு அமெரிக்காவில பேட்டன்ட் இருக்காம் டொக்டர்" என்று சொல்லி, மெட்போமின் குளிசையை இரண்டு மாதமாக நிறுத்திவிட்டு வரும் தாய்மாரை நாங்கள் காண்கிறோம். பேட்டன்ட் என்ற சொல்லை அவர்கள் பரீட்சையில் சித்தியடைந்த சான்றிதழாக விளங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படித்த பிள்ளைகளே அப்படித்தானே எழுதுகிறார்கள்?

காப்புரிமை என்பது ஒரு வேலி. 'இது புதியது, இதற்கு முன் யாரும் செய்யவில்லை, இதைத் தொழிலாகச் செய்யலாம். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரும் எனது அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது' என்று ஒருவர் கேட்கிறார். அரசாங்கம் ஒன்று கொடுக்கிறது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரீட்சித்துப் பார்க்கும் வேலை அந்த அலுவலகத்துக்கு இல்லை. நமது நாட்டிலும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் காப்புரிமை கொடுப்பது தேசிய புலமைச் சொத்து அலுவலகம். மருந்தைப் பதிவு செய்வது வேறு அதிகாரசபை. இரண்டு கதவுகள், இரண்டு சாவிகள்.

கொத்தலாஹிம்புட்டை நாங்கள் பழிக்கவில்லை. தமிழில் கடலழிஞ்சில் என்று சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்தது. அந்த மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் பழையது. 1997இல் ஜப்பானில் கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் யொஷிகாவாவும் அவரது குழுவினரும் அதில் இருந்து 'சலசினோல்' என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன் கட்டமைப்பை ஒரு இரசாயன ஆய்விதழில் வெளியிட்டார்கள். மாப்பொருளும் சீனியும் குடலில் உடைபடுவதை அது மெதுவாக்குகிறது. நாங்கள் எழுதிக்கொடுக்கும் அகார்போஸ் குளிசையும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. 2005இல் இலங்கை மருத்துவர்கள் 51 நோயாளிகளுக்கு இந்த மூலிகைத் தேநீரையும் வெறும் தேநீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை ஒன்று வெளியானது. மூலிகைத் தேநீர் குடித்த காலத்தில் எச்பிஏ1சி அளவு குறைந்திருந்தது. இவற்றுக்கு அப்பால், இந்தத் தாவரத்தைக் கொண்டு வெளிநாடுகளில் எடுக்கப்பட்ட காப்புரிமைகளும் இருக்கின்றன.

இங்கே மூன்று வகைக் கடதாசிகள் இருக்கின்றன. உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று ஒன்று சொல்கிறது. மனிதருக்குக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று ஒன்று சொல்கிறது. எதை யார் தன்னுடையது என்று கேட்கிறார் என்று மற்றது சொல்கிறது. 'குணப்படுத்தும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூன்றாவதை வைத்தால், குளிசையை நிறுத்திய அந்தத் தாய்க்கு நாமும் ஒரு வகையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிறோம். 51 பேரின் பரிசோதனையை வைத்தால், அது குளிசைக்கு மாற்று என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதை எழுதுகிற பிள்ளையே வாசித்து அறிந்துகொள்வாள்.

இனி மஞ்சள் கதைக்கு வருகிறோம். காப்புரிமையைப் பற்றிப் பேசும் எல்லோரும் இதைச் சொல்வார்கள். ஆனால் அதில் உசாத்துணைப் பட்டியலின் பங்கை அவ்வளவாகச் சொல்வதில்லை.

1993 டிசம்பர் 28இல் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போடப்பட்டது. கண்டுபிடிப்பாளர்கள் சுமன் கே. தாஸ், ஹரி ஹர் பி. கோலி. இருவரும் இந்திய வம்சாவளியினர். உரிமை பெற்ற நிறுவனம் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம். கேட்டது என்ன? காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் உரிமை. விழுந்து முழங்கால் உரிந்தால் நமது உம்மும்மாமார் அம்மியில் மஞ்சளை அரைத்துப் பூசியதைத்தான். 1995 மார்ச் 28இல் 5,401,504 என்ற இலக்கத்தில் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது.

இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை, மஷேல்கர் என்ற விஞ்ஞானியின் தலைமையில், 1996 ஒக்டோபரில் இதை மீளாய்வு செய்யும்படி அமெரிக்க அலுவலகத்திடம் கேட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பொருளை மக்கள் பயன்படுத்தி வந்தார்கள் என்பது கணக்கில் வராது. வெளிநாட்டுக்காரர் காட்டினால் அச்சில் காட்ட வேண்டும். ஐம்பது கோடிப் பேருடைய உம்மும்மாமார் வந்து சத்தியம் செய்தாலும் பயன் இல்லை. ஒரு கட்டுரை போதும். (அந்தச் சட்டம் 2013இல் மாறிவிட்டது. மாறினாலும், பயன்படுத்தினோம் என்பதைக் காட்ட இன்றும் கடதாசிதான் வேண்டும்.)

சபையார் 32 உசாத்துணைகளைத் தேடி எடுத்தார்கள். சமஸ்கிருதத்தில், உருதுவில், ஹிந்தியில்; சில நூறு வருடத்துக்கும் பழையவை. அவற்றில் ஒன்று 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை. 1997 ஓகஸ்டில் அமெரிக்க அலுவலகம் அந்த உரிமைக் கோரல்களை நிராகரித்தது. 1998 ஏப்ரலில் அவை நீக்கப்பட்டதற்கான சான்றிதழ் வெளியானது.

1953இல் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் காப்புரிமையை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். தாங்கள் கண்டதைப் பெயரோடும் திகதியோடும் ஒரு சஞ்சிகையில் போட்டார்கள். 43 வருடம் கழித்து ஒருவர் போய்த் தேடியபோது அது இருந்த இடத்தில் இருந்தது. உசாத்துணைப் பட்டியல் ஒன்று நீதிமன்றச் சாட்சிபோல நின்று வென்ற சம்பவம் இது. வேம்புக்கும் இப்படி ஒன்று நடந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பனியும் வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்த ஐரோப்பாவில் பெற்றிருந்த காப்புரிமை 2000 மே மாதத்தில் ரத்தானது; மேன்முறையீடு முடிய 2005 மார்ச் வரை சென்றது.

நமது ஊரில் இலக்கத்தின் பெறுமதியை யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கடல் வீட்டுக்குள் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஆட்களை இழந்த பிறகு கடதாசியைப் பற்றி நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் சில மாதங்களில் கடதாசி தேவைப்பட்டது. உறுதியின் இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் எங்கோ எழுதி வைத்திருந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தார்கள். 'வாப்பாவின் காலத்துக் காணி' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்கள் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கினார்கள். வீட்டோடு போன வாகடக் கொப்பிகளை யாரும் எண்ணவும் இல்லை.

ஆகவே காப்புரிமையைக் காணி உறுதியைப் போல வாசியுங்கள். உறுதியில் இலக்கம் உண்டு; எழுதியவர், உரிமை பெற்றவர், திகதி உண்டு; எல்லை விபரம் உண்டு. காப்புரிமையின் கடைசிப் பகுதியில் வரும் உரிமைக் கோரல்கள்தான் அந்த எல்லை விபரம். முன்பகுதியில் அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் விபரித்திருக்கலாம். வேலி ஓடுவது கோரலில் எழுதிய வழியே. 'இந்தத் தாவரத்துக்கே காப்புரிமை எடுத்துவிட்டார்கள்' என்று எழுதுவதற்கு முன் கோரல்களைப் போய் வாசியுங்கள். பெரும்பாலும் ஒரு பிரித்தெடுக்கும் முறைக்கோ ஒரு குறிப்பிட்ட கலவைக்கோதான் எடுத்திருப்பார்கள். கட்டுரையில் பக்க இலக்கம் போடுவது போல, இங்கே கோரல் இலக்கத்தைப் போடுங்கள். அமெரிக்கக் காப்புரிமையின் விபரணம் நிரல் நிரலாக அச்சிடப்படும். அதற்கு நிரலும் வரியும் போடலாம்.

இனி மென்பொருளைத் திறப்போம். ஸொட்டேரோ, மெண்டலே, எண்ட்நோட் என்று மூன்று பெயர்கள் உங்களிடையே புழங்குகின்றன. ஸொட்டேரோ இலவசம் என்பதால் அதை வைத்துச் சொல்கிறோம். மற்ற இரண்டிலும் காப்புரிமைக்குத் தனி வகை உண்டு. கட்டங்களின் பெயர் சற்று மாறும், அவ்வளவுதான்.

ஆய்வுக் கட்டுரை என்றால் அதன் டிஓஐ இலக்கத்தைக் கொடுத்தவுடன் மென்பொருள் எல்லாக் கட்டங்களையும் நிரப்பித் தரும். நூலுக்கு ஐஎஸ்பிஎன் போதும். இந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டு, காப்புரிமை இலக்கத்தையும் அதே பெட்டியில் போட்டுப் பார்ப்பீர்கள். வேலை செய்யாது. பிடிஎப் கோப்பை இழுத்துப் போட்டாலும் அது தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும். செய்ய வேண்டியது என்னவென்றால், கூகுள் பேட்டன்ட்ஸ் அல்லது ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் அந்தக் காப்புரிமையின் பக்கத்தைத் திறந்து, உலாவியில் இருக்கும் ஸொட்டேரோ பொத்தானை அங்கே அழுத்துவது. பத்திரிகைச் செய்தியிலோ கடையின் பக்கத்திலோ நின்று அழுத்தினால் காப்புரிமை என்று பதியாது. நாங்கள் காணும் தவறுகளில் அரைவாசி இங்கேதான் தொடங்குகிறது.

பதிந்த பிறகு கட்டம் கட்டமாகக் கண்ணால் பார்க்க வேண்டும். பெயர்களில் இருந்து தொடங்குவோம். கண்டுபிடிப்பாளர் வேறு, உரிமை பெற்றவர் வேறு. முதலாமவர் ஆள், இரண்டாவது பெரும்பாலும் கம்பனி அல்லது பல்கலைக்கழகம். நூலாசிரியர் இடத்தில் வருவது கண்டுபிடிப்பாளர். மருத்துவ மையத்தின் பெயரைக் கொண்டுபோய் ஆள் பெயர்க் கட்டத்தில் போட்டால், மென்பொருள் 'மையம்' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்து, மற்றச் சொற்களை முதலெழுத்துகளாகச் சுருக்கி, 'மையம், எம்.பி.எம்.' என்று ஒரு புதிய மனிதரைப் பிறப்பித்துவிடும். கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் இரண்டாகப் பிரிந்த பெயர்க் கட்டம் ஒன்றாகிவிடும். இது நமக்கும் உதவும். நம்மில் பாதிப் பேருக்கு முதற்பெயர் பாத்திமா. வாப்பாவின் பெயர், வாப்பாவின் வாப்பாவின் பெயர் எல்லாம் முதலெழுத்துகளாக முன்னால் நிற்கும். எதைக் குடும்பப் பெயர் என்று எடுப்பது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நாம்தான் தீர்மானித்து, ஒரே ஆளை ஒரே விதமாக எல்லா இடத்திலும் எழுத வேண்டும்.

திகதிகளும் ஒன்றுக்கு மேல். விண்ணப்பித்த திகதி, வெளியிட்ட திகதி, வழங்கிய திகதி. முதன்முதலில் எந்த நாட்டில் விண்ணப்பித்தார்களோ அந்த முன்னுரிமைத் திகதி. மஞ்சளை 1993 என்றும் எழுதுகிறார்கள், 1995 என்றும் எழுதுகிறார்கள். உசாத்துணைப் பட்டியலில் வர வேண்டியது வழங்கப்பட்ட 1995. ஆனால் 'யார் முந்தியவர்' என்பது உங்கள் ஆய்வின் கேள்வியானால் 1993 முக்கியமாகிவிடும். அதைப் பட்டியலில் திணிக்காமல் வசனத்தில் சொல்லுங்கள்.

இப்போது இலக்கத்தின் பின்னால் வரும் அந்தச் சின்ன எழுத்து. பலர் அதை அழுக்கு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். இன்றைய அமெரிக்கக் காப்புரிமைகளில் 'ஏ1' என்று முடிந்தால் அது வெறும் விண்ணப்பம், பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டது. 'பி1' அல்லது 'பி2' என்று முடிந்தால்தான் வழங்கப்பட்டது. ஐரோப்பாவிலும் 'ஏ' என்பது விண்ணப்பம், 'பி' என்பது வழங்கியது. காணிக் கச்சேரியில் விண்ணப்பம் போட்டவர் எல்லாம் உறுதிக்காரர் அல்ல என்பது அம்பாறை மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். ஆனால் ஆய்வேட்டில் 'ஏ1' என்று முடியும் ஆவணத்தை வைத்துக்கொண்டு 'காப்புரிமை பெற்றுள்ளது' என்று எழுதிவிடுகிறோம்.

மஞ்சளில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்க அலுவலகம் இந்த எழுத்துகளை 2001 ஜனவரியில் மாற்றியது. அதற்கு முன் வழங்கப்பட்ட காப்புரிமைக்கே 'ஏ' என்றுதான் எழுத்து. ஆகவே 5401504 ஏ என்பது வழங்கப்பட்ட ஆவணம். அதே இலக்கம் 'பி1' என்ற எழுத்தோடும் இருக்கிறது. இன்றைய பழக்கத்தில் 'பி1' என்று கண்டவுடன், ஆஹா, இதுதான் வழங்கப்பட்டது என்று எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் அந்தக் காலத்து 'பி1' மீளாய்வுச் சான்றிதழ்; கோரல்கள் நீக்கப்பட்டன என்று சொல்வது அதுதான். ஓர் எழுத்து மாறினால் உயிரோடு இருப்பவரின் பிறப்புச் சான்றிதழுக்குப் பதில் மரணச் சான்றிதழைக் கொடுத்துவிடுவோம்.

'டபிள்யூஓ' என்று தொடங்கும் இலக்கங்களைக் கண்டு 'உலகக் காப்புரிமை' என்று எழுதாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. ஜெனீவாவில் உள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பு விண்ணப்பத்தை வெளியிடுகிறது. கொடுப்பதா இல்லையா என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியே தீர்மானிக்கிறது. ஒரே கண்டுபிடிப்புக்கு ஜப்பானில் ஓர் இலக்கம், அமெரிக்காவில் ஓர் இலக்கம், ஐரோப்பாவில் ஓர் இலக்கம் இருக்கும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வேறு வேறு அடையாள அட்டைகள். கோரல்கள் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். ஆகவே நீங்கள் எதை வாசித்தீர்களோ அதன் இலக்கத்தையே போடுங்கள்.

அடுத்தது, இன்றைய நிலைமை. ஸொட்டேரோவில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அதில் எழுதியதைப் பெரும்பாலான பாணிகள் பட்டியலில் அச்சிடுவதில்லை. ஆகவே 'பின்னர் ரத்துச் செய்யப்பட்டது', 'காலாவதியானது' என்பவற்றை வசனத்திலேயே எழுத வேண்டும், பார்த்த திகதியோடு. கூகுள் பேட்டன்ட்ஸ் காட்டும் நிலைமை ஓர் அனுமானம். அது சட்ட முடிவு அல்ல என்று அவர்களே பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். முக்கியமான இடத்தில் அந்தந்த அலுவலகத்தின் பதிவேட்டைப் பாருங்கள். மஞ்சள் காப்புரிமையை, ரத்தாகி இத்தனை காலத்துக்குப் பிறகும், இன்னும் நடைமுறையில் இருப்பதுபோல எழுதிய வசனங்களை நாங்கள் வாசித்திருக்கிறோம்.

எஸ்பாஸ்நெட்டில் தலைப்புகள் எல்லாம் பெரிய ஆங்கில எழுத்துகளில் வரும். தலைப்பின் மேல் வலது பக்கம் சொடுக்கினால் சாதாரண எழுத்துக்கு மாற்றலாம். சின்ன வேலை, ஆனால் பரீட்சகரின் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

மருத்துவத்தில் நாங்கள் பயன்படுத்தும் வன்கூவர் பாணியில் மஞ்சள் இப்படி வரும்: தாஸ் எஸ்.கே., கோலி எச்.எச்.பி., கண்டுபிடிப்பாளர்கள், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம், உரிமை பெற்றவர். காயம் ஆற்றுவதில் மஞ்சளின் பயன்பாடு. ஐக்கிய அமெரிக்கக் காப்புரிமை யூஎஸ் 5,401,504. 1995 மார்ச் 28. ஏபிஏ பாணியில் கண்டுபிடிப்பாளர் பெயர், அடைப்புக்குள் ஆண்டு, தலைப்பு, அடைப்புக்குள் இலக்கம், கடைசியில் வழங்கிய அலுவலகம். உரிமை பெற்ற நிறுவனத்தின் பெயர் அங்கே தேவையில்லை. வன்கூவரில் சில வேளை மென்பொருள் நிறுவனத்தின் பெயரை விட்டுவிடும். அப்போது கையால் சேர்க்கத்தான் வேண்டும். அதை எப்போது செய்வது? எல்லாம் எழுதி முடித்து, கோப்பைப் பிரதி பண்ணி, அந்தப் பிரதியில் மென்பொருளின் இணைப்பைத் துண்டித்த பிறகு. முன்னதாகத் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் திருத்தத்தை அது விழுங்கிவிடும்.

இவ்வளவும் அச்சில் இருப்பவற்றுக்கு. அச்சில் இல்லாதவற்றுக்கு என்ன செய்வது?

மஞ்சள் வழக்கின் பிறகு இந்தியா 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது. ஆயுர்வேத, யூனானி, சித்த நூல்களில் உள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் ஆக்கி, காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கக் கூடியதாக வைத்தார்கள். தமிழில் உள்ள சித்த நூல்களும் அரபு, பாரசீக, உருது யூனானி நூல்களும் அதில் சேர்ந்தன. அது நூல்களைக் கொண்டு கட்டப்பட்டது. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பரிசாரியார் பரம்பரையாகச் செய்துவரும் எண்ணெய் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை எழுதக் கூடியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

சென்ற கிழமை ஒரு மாணவி எங்களிடம் கேட்டாள்: "பரிசாரியார் சொன்ன மருந்தை ஆய்வேட்டில் எழுதினால் யாராவது களவெடுத்துக் காப்புரிமை எடுத்துவிட மாட்டார்களா?" நல்ல கேள்வி. திகதியோடு வெளியான ஓர் எழுத்து, பின்னால் வந்து 'இது புதியது' என்று கேட்பவரைத் தடுக்கும். மஞ்சளில் நடந்தது அதுதான். ஆனால் அதே எழுத்து பரிசாரியாரையும் தடுக்கலாம். அவருடைய மகன் நாளை ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பிக்க விரும்பினால், 'இது ஏற்கெனவே வெளியானது' என்று திருப்பி அனுப்பக் கூடும். இரகசியம் வெளியே போனால் திரும்பி வராது. இது அவருடைய சொத்து. நமது மதிப்பெண்ணுக்காக நாம் தீர்மானிக்க முடியாது. இரண்டு பக்கத்தையும் அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் சம்மதம் எடுங்கள். செடியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுத வேண்டாம். மேற்பார்வையாளரிடம் அதைச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்.

சம்மதித்தால் அவருடைய பெயர், ஊர், சந்தித்த திகதி, யாரிடம் கற்றார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸொட்டேரோவில் 'நேர்காணல்' என்ற வகை இருக்கிறது. அதில் பதிந்து, ஒலிப்பதிவையும் சம்மதக் கடிதத்தின் படத்தையும் அதனோடு இணைத்து வையுங்கள். ஏபிஏ பாணியில் இப்படியான தகவல் பட்டியலில் வராது; வசனத்திலேயே பெயரும் திகதியும் வரும். 'கிராமிய வைத்தியர் ஒருவரின் கூற்றுப்படி' என்று எழுதாதீர்கள். ஜப்பானியப் பேராசிரியருக்குப் பெயர் உண்டு, நமது பரிசாரியாருக்குப் பெயர் இல்லையா?

தமிழ் எழுத்தில் கட்டங்களை நிரப்பலாமா என்று இரண்டு பேர் துண்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நிரப்பலாம், பிரச்சினை இல்லை. அகரவரிசையில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும்போது உங்கள் பீடத்தின் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மடிகணினி கொண்டுவந்தவர்கள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்துக்கு வாருங்கள். முதலில் 5401504 இன் இரண்டு ஆவணங்களையும் திறந்து பதிந்து பார்ப்போம், ஏயையும் பி1ஐயும். அதன் பிறகு உங்கள் ஆய்வேடுகளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுப்போம்.